பித்த உடம்பு என்று சொன்னால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். நெஞ்செரிச்சல் என்று கைபேசியில் பன்னிரண்டு கேள்விக்குப் பதில் தட்டியதும் ‘உங்களுக்குப் பித்த உடம்பு, தக்காளி ஆகாது’ என்று வந்து, கையோடு மூன்று மாதத்துக்கு மருந்துப் பெட்டி ஒன்றையும் விற்றுவிட்டார்கள், இது சரியா? வாதம், பித்தம், கபம் என்றால் உண்மையில் என்ன? பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடும் அம்மாவை ஆயுர்வேதத்துக்கு மாற்றிவிடலாமா? மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இந்த வைத்தியத்துக்குள் ஒழுங்கான சிந்தனை ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதை நம்பி எதுவரை போகலாம். அதற்கே பதில் எழுதுகிறேன். நான் கேரளத்தில் ஐந்தரை வருடம் ஆயுர்வேதப் பட்டப்படிப்பான பி.ஏ.எம்.எஸ். படித்துவிட்டு, இருபத்திரண்டு வருடமாகப் பொள்ளாச்சிப் பக்கம் வைத்தியம் பார்க்கிறவன். இதில் எனக்குப் பற்று உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வாதம், பித்தம், கபம் என்பவற்றைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் காற்று, பித்தநீர், சளி என்று வரும். அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். நூல்களில் ஒவ்வொன்றும் சில குணங்களின் கட்டாகத்தான் வருகிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் முதல் அத்தியாயத்திலேயே இதைப் பட்டியல் போட்டுவிடும். எங்கள் காலத்தில் அந்த வரிகளை ஒப்பிக்காமல் முதல் வருடம் தாண்ட முடியாது. வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, நுண்மை, ஓயாத அசைவு இவை வாதம். கொஞ்சம் எண்ணெய்ப்பசை, கூர்மை, சூடு, லேசு, வாடை, இளகி ஓடும் தன்மை, நீர்ப்பாங்கு இவை பித்தம். எண்ணெய்ப்பசை, குளிர்ச்சி, கனம், மந்தம், வழவழப்பு, பிசுபிசுப்பு, அசையாமை இவை கபம்.

மார்கழியில் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். குதிகால் வெடித்திருக்கிறது, முட்டியை மடக்கினால் சடக்கென்று சத்தம் வருகிறது, வயிறு உப்பிக் காற்று பிரிகிறது, மலம் இறுகிப் போகிறது, படுத்தால் எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேறொரு இடத்தில் இதற்கு நான்கு டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆயுர்வேத வைத்தியர் இதிலுள்ள வறட்சியையும் அசைவையும் பார்த்து, எல்லாவற்றையும் வாதம் என்ற ஒரே முடிச்சில் போடுவார். சிகிச்சையும் அதே கணக்குதான். வறண்டதற்கு எண்ணெய், குளிர்ந்ததற்குச் சூடு, ஓடுவதற்கு ஓய்வு. ஒத்த குணம் வளர்க்கும், எதிர்க் குணம் குறைக்கும். இந்தச் சாஸ்திரத்தில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைக்கிறது.

மேலே கொடுத்த பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். குளிர்ச்சி வாதத்திலும் இருக்கிறது, கபத்திலும் இருக்கிறது. லேசு வாதத்துக்கும் பித்தத்துக்கும் பொது. எண்ணெய்ப்பசை பித்தத்துக்கும் கபத்துக்கும் பொது. அதனால் ‘குளிர்ச்சி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. இருமலையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பில் சளி கட்டிக் கறகறவென்று இருமுகிறவருக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி போட்ட கஷாயம் பொருத்தம். கனத்துக்கும் பிசுபிசுப்புக்கும் அது நேர் எதிர். சளியே வராமல் இரவெல்லாம் வறட்டு இருமல் இருமுகிறவருக்கு அதே கஷாயத்தை வீட்டில் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, ‘தொண்டை புண்ணாய்ப் போச்சு சார்’ என்று வருவார்கள். வறட்சியின் மேல் வறட்சியைக் கொட்டினால் வேறென்ன ஆகும். இருமலுக்கு இது, சளிக்கு இது என்று மருந்துப் பட்டியலாக ஆயுர்வேதத்தைப் படிக்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இனி அந்தப் ‘பித்த உடம்பு’. பிரகிருதி என்று ஒன்று உண்டு; பிறவியில் வாய்த்த உடல்வாகு, மனவாகு. விகிருதி என்று இன்னொன்று உண்டு. இன்றைக்கு உடம்பில் எது தடம் மாறியிருக்கிறது என்பது. சிகிச்சை முதலில் பார்ப்பது இரண்டாவதை. கைபேசிக் கேள்விகள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகின்றன. ‘உங்கள் தோல் எப்படி’ என்பது பிரகிருதிக் கேள்வி. ‘நெஞ்செரிச்சல் வருமா’ என்பது போன வாரம் நீங்கள் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்கு மேல், வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷத்தில் தனியாக ஒன்று மட்டும் ஓங்கிய ஆட்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். நூல்களே ஏழு வகை சொல்கின்றன: தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாகக் கலந்து மூன்று, மூன்றும் சமமாக ஒன்று.

தக்காளி விஷயத்துக்கு வருகிறேன். மூல நூல்களை எழுதிய சரகர் காலத்திலும் வாக்படர் காலத்திலும் இந்த நாட்டில் தக்காளி கிடையாது. மிளகாய், உருளைக்கிழங்கு, முந்திரி எதுவும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு கப்பலேறி வந்தவை. நூலில் ‘காரம்’ என்று வருகிற இடத்தில் மிளகையும் இஞ்சியையும் திப்பிலியையும்தான் நினைக்க வேண்டும். தக்காளி புளிக்கிறது, புளிப்பு பித்தத்தைக் கூட்டும், ஆகவே ஆகாது என்று இந்தக் காலத்தில் நாங்கள் ஊகித்துச் சொல்கிறோம். ஊகத்தில் தப்பில்லை. ‘ஐயாயிரம் வருடமாக முன்னோர் சொன்னது’ என்று அதன் மேல் முத்திரை குத்துவதுதான் தப்பு. உங்களுக்குத் தக்காளி சாப்பிட்டால் எரியவில்லை என்றால் சாப்பிடுங்கள்.

அந்த ஐயாயிரம் வருடக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று கையில் இருக்கும் சரக சம்ஹிதை ஏறக்குறைய பொது யுகத்தின் முதல் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணிப்பு. அதிலும் ஒரு பகுதியைப் பிற்காலத்தில் திருடபலர் என்பவர் நிரப்பினார் என்று அந்த நூலே சொல்கிறது. வாக்படர் ஏழாம் நூற்றாண்டையொட்டியவர். நாடி பார்ப்பதை ஆயுர்வேதத்தின் அடையாளமாகவே சினிமாவில் காட்டுகிறார்கள். சரகத்தில் நாடிப் பரீட்சை கிடையாது. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டு வாக்கிலான சார்ங்கதர சம்ஹிதையில்தான் அது தெளிவாக வருகிறது. பழைய முறை பார்ப்பது, தொடுவது, கேள்வி கேட்பது, மூன்றே மூன்று. நான் நாடி பிடிக்கிறேன், அதிலிருந்து ஏதோ கொஞ்சம் தெரிகிறது என்றும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே கையைப் பிடித்து உங்கள் சர்க்கரை அளவைச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் கையை உருவிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஒரே ஆளைப் பல வைத்தியர்களிடம் தனித்தனியாகக் காட்டி நாடியையும் பிரகிருதியையும் கேட்ட சிறு ஆய்வுகளில் அவர்களுக்குள் பொருத்தம் குறைவாகவே இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இது கசக்கும், ஆனால் கண்டது இதுதான்.

என்னைக் கேட்டால் மூன்று தோஷத்தைவிட அக்னிதான் இதில் உயிர்நாடி. வயிற்றில் உணவைச் செரிக்கும் நெருப்பு. அதற்கு நான்கு நிலை. ஒருநாள் கொலைப்பசி, மறுநாள் பசியே இல்லை என்றால் விஷமம். கல்லைத் தின்றாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசித்து, நேரம் தவறினால் எரிந்து கோபம் வந்தால் தீட்சணம். இரண்டு இட்லிக்கே மதியம் வரை வயிறு கல்லாய்க் கிடந்தால் மந்தம். சாப்பிட்டது நேரத்துக்குச் செரித்து, அடுத்த வேளைக்குச் சரியாகப் பசித்தால் சமம். முதலாவது வாதத்தால், இரண்டாவது பித்தத்தால், மூன்றாவது கபத்தால் என்று நூல் சொல்கிறது. முட்டிவலி என்று வந்தாலும் சரி, தோல் அரிப்பு என்று வந்தாலும் சரி, என் முதல் கேள்வி பசி எப்படி என்பதுதான். சிலருக்கு எரிச்சல் வரும். ‘முட்டியைக் காட்ட வந்தேன் டாக்டர், வயிற்றையே கேட்கிறீர்களே’ என்பார்கள்.

போன வருடம் நடந்தது ஒன்று. வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர். உடம்பெல்லாம் வலி, காலையில் எழுந்தால் கை விறைப்பு, எங்கேயோ படித்துவிட்டு ‘எண்ணெய் பிழிச்சில் போடுங்கள்’ என்று, அதாவது சூடான எண்ணெயை உடம்பில் பிழிந்து ஊற்றும் சிகிச்சை கேட்டு, பணத்தோடு வந்தார். நாக்கை நீட்டச் சொன்னேன். தயிர் பூசியதுபோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. பசி இல்லை, ஆனால் மனைவி திட்டுவார் என்று எட்டு மணிக்கு நான்கு தோசை. இரவு பதினொன்றுக்குப் பரோட்டா. ஆமம் என்று நூல் சொல்வது இந்த நிலையைத்தான். செரிக்காமல் பாதியில் நின்றது உடம்பில் தேங்கிக் கனமும் வலியும் தருகிறது என்பது கருத்து. அதன் மேல் எண்ணெயை ஊற்றக் கூடாது, முதலில் லேசாக்க வேண்டும் என்பது விதி. முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் இரவில் கஞ்சி மட்டும், பசித்தால் மட்டும் காலைச் சாப்பாடு, தாகத்துக்குச் சுக்கு போட்டுக் காய்ச்சிய வெந்நீர் என்று அனுப்பினேன். நான்காம் நாள் ரிப்போர்ட்டோடு வந்தார். அதில் ஒன்றும் இல்லை, விறைப்பும் பெருமளவு குறைந்திருந்தது. ஐயாயிரம் ரூபாய் எண்ணெய்ச் சிகிச்சை தேவைப்படவில்லை என்பதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். சரி, ஆமம் என்பது ரத்தத்தில் எது, குடலில் எது என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. ஆய்வகத்தில் காட்டக்கூடிய ஒரு பொருளோடு அதை யாரும் உறுதியாகப் பொருத்தியதில்லை. அவர் குணமானது கஞ்சியாலா, பரோட்டாவை நிறுத்தியதாலா, தானாகவா என்றும் ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது.

வயிற்றைப் பாதி கெட்டி உணவாலும், கால் பங்கு நீராலும் நிரப்பி, மீதிக் கால் பங்கைக் காற்றுக்கு விட வேண்டும் என்பதும் வாக்படர் சொன்னதே. நம்மவர்களுக்கு இது புதிதில்லை. முன்பு உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும் என்று குறளில் மருந்து அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வளி முதலான மூன்று மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயமும் இந்த மூன்றே. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். சித்தத்தின் நூல் தமிழ், மருந்துச் செய்முறை வேறு, உலோகமும் பாஷாணமும் அங்கே கூடுதல் இடம் பெறும், படிப்பும் தனி. நான் சித்த மருந்து எழுதிக் கொடுப்பதில்லை, தெரியாது என்பதால்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இங்கே ஒரே இலக்கணம். சுவை ஆறு. இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் வாதத்தைத் தணிக்கும். கசப்பு, காரம், துவர்ப்பு கபத்தைத் தணிக்கும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு பித்தத்தைத் தணிக்கும். இவ்வளவோடு நின்றிருந்தால் வெறும் வாய்ப்பாடு என்று தள்ளிவிடலாம். எனக்குப் பிடித்தது அடுத்து வரும் விதிவிலக்குகள். இனிப்பு கபத்தைக் கூட்டும், ஆனால் தேன் கூட்டாது. புளிப்பு பித்தத்தைக் கூட்டும், ஆனால் நெல்லிக்காயும் மாதுளையும் கூட்டா. உப்பு கண்ணுக்கு ஆகாது, இந்துப்பு மட்டும் பரவாயில்லை. கொள்கையை எழுதிவிட்டு, கண்ணால் கண்டது அதற்கு ஒத்துவராத இடத்தில் கொள்கையை வளைத்திருக்கிறார்கள். வாயில் படும் சுவை ஒன்று, செரித்து முடிந்தபின் வரும் விளைவு வேறு என்று விபாகம் என்ற கணக்கு தனியாக உண்டு. திப்பிலி நாக்கில் காரம், முடிவில் இனிப்பு. இதற்கும் அடங்காமல் ஒரு சரக்கு வேலை செய்தால் ‘பிரபாவம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் என்று தெரியவில்லை என்பதற்கு அது கௌரவமான பெயர் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

மருந்து செய்வதை நீங்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். தைலம் என்றால் எண்ணெயில் இலையைப் போட்டுக் காய்ச்சுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயமோ பாலோ பதினாறு பங்கு. உருளியில் இதைச் சேர்த்துக் கரி அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும், நீர் முழுக்க வற்றும்வரை. அடிபிடித்தால் மொத்தமும் வீண். முதல் வருடத்தில் ஒரு நாள் முழுக்க என்னை அந்தத் துடுப்போடு நிற்க வைத்தார்கள். சாயங்காலம் ஆனதும் பதம் பார்க்கும் பெரியவர் வந்து, அடியில் திரண்ட விழுதைக் கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். திரிபோல நீண்டது. அதைத் தீயில் காட்டினார். படபட என்று சத்தம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தது, ‘இறக்கு’ என்றார். எண்ணெய் என்றால் பதம் வரும்போது நுரை பொங்கும், நெய் என்றால் பொங்கிய நுரை அடங்கும். மூக்கில் விடுவதற்கு ஒரு பதம், மேலே தேய்ப்பதற்கு ஒரு பதம். வீட்டில் நல்லெண்ணெயில் அமுக்கராப் பொடியைக் கலக்கிவிட்டுத் தைலம் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பஞ்சகர்மா பற்றி ஒரு வரி சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் மருந்துப் பெட்டியோடு ‘மூன்று நாள் பஞ்சகர்மா’ தள்ளுபடிச் சீட்டும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பஞ்சகர்மா என்றால் ஐந்து சிகிச்சை: வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, கஷாய வஸ்தி, எண்ணெய் வஸ்தி (வஸ்தி என்றால் ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது), மூக்கில் மருந்து விடுவது. இது சரகரின் கணக்கு. வஸ்தி இரண்டையும் ஒன்றாக்கி, ரத்தம் எடுப்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. எண்ணெய் தேய்ப்பதும் வேது பிடிப்பதும் இவற்றுக்கு முன்னேற்பாடு மட்டுமே. முறையாகச் செய்தால் பேதிக்கு முன்பு நெய் குடிக்கவே மூன்று முதல் ஏழு நாள் போகும். பேதி ஆனபின் கஞ்சியிலிருந்து படிப்படியாகச் சோற்றுக்கு வர இன்னும் சில நாள். மூன்று நாளில் முடிகிறது என்றால் அது சுகமான எண்ணெய்க் குளியல். அதற்கும் ஒரு பயன் உண்டு, பெயரைத்தான் மாற்ற வேண்டும்.

நம்பிப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நவீன முறையில் சோதித்துத் தேறியவை, தேறாதவை இரண்டும் இருக்கின்றன. ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழும் பவுத்திரத்துக்குக் கார நூல் சிகிச்சை, அதாவது மருந்து பூசிய நூலிழையைக் கட்டுவது, நல்ல உதாரணம். நூலிழையின் மேல் கள்ளிப்பாலைப் பதினோரு முறை தடவிக் காயவைத்து, கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும் ஏழு முறை, கள்ளிப்பாலும் மஞ்சளும் மூன்று முறை, ஆக இருபத்தோரு பூச்சு. அதை அந்தத் துளை வழியே கோத்துக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் வெளியிட்ட ஆய்வில் நூல் கட்டியவர்களில் 4 சதவீதம் பேருக்கும் அறுவை செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஆறுவதற்கு மட்டும் நூலுக்கு இரட்டிப்புக் காலம், எட்டு வாரம் அளவில். இதுபோல் தெளிவான முடிவு எங்களிடம் நிறைய இருந்தால் நான் இவ்வளவு தயங்கி எழுத வேண்டியதில்லை.

ஆமவாதத்தில், அதாவது முடக்குவாதத்தில், கோயம்புத்தூரில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஆயுர்வேதம் மட்டும், நவீன மருந்தான மெத்தோட்ரெக்சேட் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழு. எந்த மருந்து யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாமல், பார்க்கும் டாக்டருக்கும் தெரியாமல் முப்பத்தாறு வாரம். மூன்று குழுவுக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் மொத்தம் 43 பேர்தான். 43 பேரை வைத்து ‘ஆங்கில மருந்துக்கு இணை’ என்று போஸ்டர் அடிக்கக் கூடாது. பெரிய அளவில் செய்து பார்க்கத் தகுந்தது என்று மட்டும் சொல்லலாம். இன்னொரு பக்கம் குக்குலு என்ற மரப்பிசின். கொழுப்பைக் குறைக்கும் என்று இங்கே மாத்திரையாகவே விற்றார்கள். 2003இல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு குறையாததோடு லேசாகக் கூடியும் போனது. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. அன்றிலிருந்து நான் கொழுப்புக்கென்று அதை எழுதுவதில்லை.

‘மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது’ என்பது இந்தத் துறையில் சொல்லப்படும் ஆகப் பெரிய பொய். வேலை செய்யும் சரக்கு எதுவும் வேண்டாத வேலையும் செய்யும். ரத்தக் கொதிப்புக்குச் சர்ப்பகந்தி வேர் பயன்படுவதை மும்பையைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலகத்துக்குக் காட்டினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. கொதிப்பு இறங்கியது உண்மை. சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியதாகப் பதிவுகள் வந்ததும் உண்மை. நம் ஊர் வேலியோரம் கிடைக்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டலோக்கியா இனம்; அந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. பாம்புக்கடிக்கு நல்லது, காய்ச்சலுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் இரண்டையும் வாயில் வைக்காதீர்கள். சீந்தில் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சப்பட்டது. குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். அது சீந்தில் இல்லை, அதைப்போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் பக்கம் சரி என்பதில் நான் நடுவில் நிற்கிறேன். ஆனாலும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கு இப்போது சீந்தில் எழுதும் முன் இருமுறை யோசிக்கிறேன்.

உலோகம் அடுத்த தலைவலி. பாதரசமும் ஈயமும் சேரும் ரசமருந்துகள் எங்கள் நூலில் இருக்கின்றன. புடம் போட்டுச் சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது மரபின் நம்பிக்கை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அதே கதை. ரசமருந்து என்று அறிவித்து விற்றவற்றில் மட்டும் அல்லாமல் வெறும் மூலிகை என்று விற்றவற்றிலும் இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. எனக்கு ரசசாஸ்திரத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் பஸ்பம் எதையும் கொடுப்பதில்லை, மற்றவர்களுக்கும் கூடியமட்டும் தவிர்க்கிறேன். இது என் பயம் என்று சொல்லும் சக வைத்தியர்கள் உண்டு. இருக்கட்டும்.

உங்கள் அம்மா. பத்து வருட மாத்திரையை நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயைப் பழைய நூல்கள் நன்றாகவே கவனித்திருக்கின்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தார்கள். சர்க்கரை நோயும் அடங்கும் பிரமேகத்தை இருபது வகையாகப் பிரித்தார்கள். பருத்த நோயாளிக்கும் மெலிந்த நோயாளிக்கும் சிகிச்சை வேறு என்று சொன்னார்கள். பெற்றோர் வழியாக வந்தது தீராது என்றும் எழுதி வைத்தார்கள். சுச்ருதம் என்ற இன்னொரு பழைய நூல் வசதியில்லாத நோயாளியை நூறு யோஜனை தூரம் நடக்கச் சொல்கிறது, கிணறு வெட்டச் சொல்கிறது. நடக்கச் சொன்னது இன்றைக்கும் செல்லும். ஆனால் அவர்களிடம் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இல்லை, இன்சுலின் இல்லை. கண், சிறுநீரகம் கெடுவது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆயுர்வேத மருந்து கூடச் சேர்க்க ஆசைப்பட்டால், சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் போன்றவை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும். மயக்கம், வியர்வை, கைநடுக்கம் வரலாம். அதனால் அவர் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் ஹெச்பிஏ1சியும் எடுத்துக்கொண்டு, போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பதிவு பெற்ற வைத்தியரிடம் காட்டுங்கள். ‘முதலில் இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்று ஆரம்பிக்கிறவரிடம் உட்கார வேண்டாம். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு முகம் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். சாப்பிடும் முன்பா பின்பா, எத்தனை மாதமாக, வலி மாத்திரை எதுவும் அடிக்கடி போடுகிறீர்களா என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வைத்தியரிடமோ டாக்டரிடமோ போங்கள். எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ என்னைப் போன்றவர்களிடம் வராமல் நேராக எண்டோஸ்கோப்பி பார்க்கும் டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துப் பாருங்கள், பசித்தபின் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்; தயாரிப்பு உரிம எண்ணும், என்னென்ன சரக்கு எவ்வளவு என்ற பட்டியலும், தயாரித்த தேதியும் கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று பக்கம் தெரிகிறது, மூன்றிலும் அவை இல்லை. நான்காவது பக்கத்திலும் இல்லையென்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.